கருப்பட்டி வெப்சைட்டுக்கு ஆன்லைன் பேமென்ட்: இரண்டு தடவை விண்ணப்பம் திரும்பிவிட்டது, என்ன செய்யலாம்?

பனங்காட்டு மருமகள்

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

உடன்குடிப் பக்கம் எங்கள் வீடு. மாமாவுக்கு (என் மாமனார்) நாற்பது வருடமாகக் கருப்பட்டி வியாபாரம். விடிலி விடிலியாக (கருப்பட்டி காய்ச்சும் குடிசை) போய், உடைத்துப் பார்த்து, நாக்கில் வைத்துப் பார்த்து, சீனி கலக்காத சரக்கை மட்டும் எடுத்து மூட்டை போடுவார். நான் இந்த வீட்டுக்கு வந்த பிறகு வாட்ஸ்அப்பில் சில்லறையாக விற்கத் தொடங்கினேன். ஒரு கிலோ ஓலைக் கொட்டான் 450 ரூபாய். சுக்கும் மிளகும் போட்ட சில்லுக் கருப்பட்டி அரைக் கிலோ 280. மாதம் முப்பது பார்சலில் ஆரம்பித்தது, போன தை மாதம் 140 பார்சல் ஆகிவிட்டது. எல்லாப் பணமும் மாமாவின் நம்பருக்கு ஜிபே.

பணம் வராததெல்லாம் பிரச்சினை இல்லை. வந்த பணம் யாருடையது என்று தெரியாததுதான் பிரச்சினை. ஆர்டர் மனைவி பெயரில் வரும், பணம் கணவர் நம்பரிலிருந்து வரும், பார்சல் மாமியார் முகவரிக்குப் போகும். ஒருநாள் மத்தியானம் இரண்டு பேர், இரண்டு பேருக்கும் இரண்டு கொட்டான், ஒரு சில்லு, கூரியர் 120, ஆக 1,300 ரூபாய். வந்தது ஒரே ஒரு 1,300. நான் தப்பான ஆளுக்கு அனுப்பிவிட்டேன். பணம் கொடுத்தவர் பத்து நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு போனில் கேட்ட கேள்வி இன்னும் காதில் நிற்கிறது. இன்னொருவர் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட்டில் தேதி போன மாதத் தேதி. பார்சல் போன பிறகுதான் கவனித்தேன்.

சரி, ஒழுங்காகச் செய்வோம் என்று நாத்தனார் மகன் (காலேஜ் மூன்றாம் வருடம்) வேர்ட்பிரஸில் வூகாமர்ஸ் (வெப்சைட்டில் கடை நடத்தும் மென்பொருள்) போட்டு ஒரு வெப்சைட் செய்து கொடுத்தான். இப்போதைக்கு டெலிவரியில் பணம் மட்டும்தான் இருக்கிறது. அது இன்னும் மோசம். வடக்கே போன ஒரு பார்சலை வாங்க ஆள் இல்லை என்று பன்னிரண்டு நாள் கழித்துத் திருப்பிக் கொண்டுவந்து போட்டார்கள். மழைக்காலம். கருப்பட்டி இளகி, கொட்டானோடு ஒட்டி, எறும்பு வேறு. போக வர இரண்டு கூரியர் செலவும் எங்கள் தலையில்.

வெப்சைட்டில் ஆன்லைனாகப் பணம் வாங்கி நம் கணக்கில் சேர்க்கும் ஒரு பேமென்ட் கேட்வே கம்பெனிக்கு (பெயர் வேண்டாம்) விண்ணப்பித்தேன். முதல் தடவை “வெப்சைட்டில் தேவையான பக்கங்கள் இல்லை” என்று திருப்பினார்கள். இரண்டாம் தடவை “விவரங்கள் பொருந்தவில்லை” என்று ஒரே வரி. விண்ணப்பத்தில் பான் கார்டு என்னுடையது, வங்கிக் கணக்கு மாமாவுடையது, வெப்சைட்டில் இருப்பது கடைப் பெயர். இதுதான் காரணமா?

அப்புறம், நூற்றுக்கு எவ்வளவு பிடிப்பார்கள்? ஜிஎஸ்டி எடுத்தே ஆக வேண்டுமா? மருமகப்பிள்ளை (அதே நாத்தனார் மகன்) “கியூஆர் படத்தை வெப்சைட்டில் ஒட்டிவிடலாம் அத்தை, எதற்கு கேட்வே” என்கிறான். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

சென்னிமலைத் தறி

தங்கச்சி, நீங்க எழுதியதைப் படித்தால் நான்கு வருடத்துக்கு முன்னால் என் கதையைப் படிப்பது போலவே இருக்குதுங்க. நான் போர்வை, துண்டு விற்கிறேன். எனக்கும் இரண்டு தடவை திரும்பியது.

ஆமாங்க, பெயர்தான் காரணம். கேட்வேக்காரர்கள் ரிசர்வ் வங்கி விதிப்படி வியாபாரி யார் என்று சரிபார்த்தாக வேண்டும். பணம் யார் வியாபாரத்துக்கு வருகிறதோ அவர் கணக்கில்தான் போய் விழ வேண்டும். உங்கள் பானும் மாமனார் கணக்கும் ஒட்டவே ஒட்டாது. முதலில் வீட்டில் உட்கார்ந்து ஒன்றை முடிவு செய்யுங்கள்: இந்தச் சில்லறை வியாபாரம் யாருடையது? மாமனாருடையது என்றால் பான், ஆதார், வங்கி எல்லாமே அவருடையதாக இருக்கட்டும். உங்களுடையது என்றால் எல்லாம் உங்களுடையது, சரக்கை மாமனாரிடம் வாங்குவதாக வைத்துக்கொள்ளுங்கள். நான் என் சம்சாரம் பெயரில் மாற்றிவிட்டேன். எனக்குத் தறியைப் பார்க்கவே நேரம் போதவில்லை.

உத்யம் பதிவு (சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவு) எடுங்கள். ஆதாரும் பானும் இருந்தால் போதும், அரசுத் தளத்தில் கட்டணமே கிடையாது. தேடும்போது மேலே வரும் தளங்கள் பாதி தரகர்கள். காசு கேட்டால் அது அரசுத் தளம் இல்லை என்று மூடிவிடுங்கள். அந்தச் சான்றிதழில் கடைப் பெயர் ஏறும். அதே பெயரில் வங்கியில் கரண்ட் அக்கவுன்ட். அதே பெயர் வெப்சைட்டின் அடியிலும் இருக்க வேண்டும். ஒரு எழுத்து முன்னே பின்னே இருந்தாலும் திரும்பும். எனக்கு ஒரு தடவை “டெக்ஸ்” என்பதும் “டெக்ஸ்டைல்ஸ்” என்பதும் வேறு என்று திருப்பினார்கள்.

சேமிப்புக் கணக்கில் வியாபாரப் பணம் வாங்காதீங்க. இதை அனுபவப்பட்டுச் சொல்கிறேன். ஒரு வாடிக்கையாளர் 1,800 ரூபாய் ஜிபே போட்டார், நானும் போர்வை அனுப்பிவிட்டேன். மூன்று வாரம் கழித்து ஏடிஎம்மில் கார்டு வேலை செய்யவில்லை. போய்க் கேட்டால், அந்தப் பணம் யாரோ ஏமாந்து புகார் கொடுத்த பணத்தின் சங்கிலியில் வந்ததாம், வேறு மாநில சைபர் போலீஸ் சொல்லிக் கணக்கையே முடக்கிவிட்டார்கள். 1,800 ரூபாய்க்காக வீட்டுக் கணக்கு மொத்தமும் நின்றது. பில், கூரியர் ரசீது, வாட்ஸ்அப் பேச்சு எல்லாம் அனுப்பி மீட்க இரண்டு மாதம். மகளுக்குப் பள்ளிக் கட்டணம் கட்ட மச்சானிடம் கைமாற்று வாங்கினேன். கேட்வே இருந்தால் இது வரவே வராது என்று சொல்லவில்லை. ஆனால் வீட்டுக் காசும் கடைக் காசும் தனித்தனியாக இருந்தால் அடி பாதியோடு போகும்.

தேவையான பக்கங்கள் இல்லை என்று திருப்பினார்களே, அவை இவைதாங்க: தொடர்பு முகவரி (போன் நம்பரோடு), விதிமுறைகள், தனியுரிமை, பார்சல் எத்தனை நாளில் போகும், ஆர்டரை ரத்து செய்தால் பணம் எப்படித் திரும்பும். வேறு கடையிலிருந்து அப்படியே எடுத்து ஒட்டாதீங்க. நான் ஒட்டினேன், அதில் “ஷூ சைஸ் பொருந்தாவிட்டால்” என்று ஒரு வரி இருந்திருக்கிறது.

திண்டுக்கல் பூட்டு

கேட்வே எதற்கு? நாளைக்கு ஐந்து ஆர்டருக்கு இரண்டு சதவீதம் கொட்டிக் கொடுப்பானேன்? கியூஆர் போதும். பணம் வந்ததை வங்கி எஸ்எம்எஸ்ஸில் பாருங்கள், ஸ்கிரீன்ஷாட்டை நம்பாதீர்கள். அவ்வளவுதான்.

சென்னிமலைத் தறி

பூட்டு அண்ணே, நாளைக்கு ஐந்து என்றால் நீங்கள் சொல்வது சரி. தை மாதம் நாளைக்குப் பதினைந்து வந்தால், எஸ்எம்எஸ்ஸைப் பார்த்து யார் எவர் என்று யார் உட்கார்ந்து எழுதுவது? தங்கச்சிக்கு அதுதானே பிரச்சினையே.

பேரேடு

மதுரையில் ஒரு ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். ஜிஎஸ்டி கேள்விக்கு மட்டும் பதில்.

சரக்கு விற்பவர்களுக்கு வருட விற்பனை 40 லட்சம் வரை பதிவு வேண்டாம் என்று எல்லோரும் சொல்வார்கள். தமிழ்நாட்டுக்குள் மட்டும் விற்றால் அது சரி. ஆனால் வரிக்கு உட்பட்ட சரக்கு ஒரே ஒரு பார்சல் பெங்களூருக்குப் போனாலும் அது மாநிலம் தாண்டிய விற்பனை, பதிவு கட்டாயம். கைவினைப் பொருட்கள் சிலவற்றுக்கு இதில் விலக்கு உண்டு, கருப்பட்டிக்குக் கிடையாது. நீங்கள் வடக்கே பார்சல் அனுப்பியதாக நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

“கருப்பட்டிக்கு வரியே இல்லையே” என்று உங்கள் மாமனார் சொல்லக்கூடும். மூட்டையில் சில்லறையாக விற்கும் கருப்பட்டிக்கு இல்லை என்பது உண்மை. எடை போட்டு, பை கட்டி, லேபிள் ஒட்டி விற்றால் 2022 ஜூலை 18 முதல் 5 சதவீதம். நீங்கள் விற்பது இரண்டாவது வகை. வெப்சைட்டில் வரியைப் போடும்போது தமிழ்நாட்டு முகவரிக்கு மத்திய வரி இரண்டரை, மாநில வரி இரண்டரை என்று பிரித்தும், வெளிமாநிலத்துக்கு ஐஜிஎஸ்டி (மாநிலம் தாண்டிய விற்பனைக்கான ஜிஎஸ்டி) ஐந்து என்றும் வர வேண்டும். தம்பியிடம் சொல்லுங்கள், வூகாமர்ஸில் மாநில வாரியாக அமைக்க முடியும்.

கம்போசிஷன் (சிறு வியாபாரிகளுக்கான எளிய ஜிஎஸ்டி திட்டம்) எடுங்கள், ஒரு சதவீதம்தான் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அதில் இருப்பவர்கள் வெளிமாநிலத்துக்குச் சரக்கு விற்கக் கூடாது. இந்தத் தப்பைச் செய்துவிட்டு வந்து நிற்பவர்கள் எங்கள் அலுவலகத்தில் மாதம் ஒருவராவது உண்டு.

பதிவுக்கு அரசுக் கட்டணம் இல்லை. கடை முகவரி மாமனார் வீடு என்றால் அவர் பெயரிலுள்ள மின்கட்டண ரசீதும், இங்கே வியாபாரம் செய்ய எனக்கு ஆட்சேபணை இல்லை என்று அவர் கையெழுத்திட்ட கடிதமும் வேண்டும். பதிவு எடுத்த பிறகு விற்பனையே இல்லாவிட்டாலும் ரிட்டன் போட வேண்டும். மறந்தால் நில் ரிட்டனுக்கே நாளுக்கு 20 ரூபாய். அதனால்தான் எங்களுக்கு வேலை இருக்கிறது.

லேபிளில் உணவுப் பாதுகாப்பு 14 இலக்க எண் இருக்கிறதா? கேட்வேக்காரர்களும் உணவுப் பொருள் என்றால் அதைக் கேட்பார்கள்.

பனங்காட்டு மருமகள்

பேரேடு அண்ணாச்சி, 14 இலக்க எண் இருக்கிறது, மாமா பெயரில். அதையும் மாற்ற வேண்டுமா? மாமாவிடம் ஜிஎஸ்டி என்று சொன்னதும் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் தட்டைத் தள்ளிவிட்டார். “நாப்பது வருசமா ஒருத்தன்கிட்டயும் கணக்கு காட்டினதில்ல” என்கிறார். அத்தை என் பக்கம். பார்க்கலாம்.

கட்டணம் எவ்வளவு என்று யாரும் சொல்லவில்லையே?

பேரேடு

வியாபாரம் உங்கள் பெயரில் என்றால் அந்த எண்ணும் உங்கள் பெயரில் புதிதாக எடுப்பதுதான் சரி. தட்டைத் தள்ளியது பற்றி எனக்கு விதி எதுவும் தெரியாது.

கோவை நிரலன்

அக்கா, கட்டணம் நான் சொல்கிறேன். ரேசர்பே போன்ற பெரிய கேட்வேக்களில் சாதாரணமாக இரண்டு சதவீதம், அந்தக் கட்டணத்தின் மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி. உங்கள் 1,300 ரூபாய் ஆர்டரில் 26 ரூபாய் கட்டணம், 4.68 வரி, ஆக 30.68 போய் 1,269.32 கையில் வரும். ஜிஎஸ்டி பதிவு இருந்தால் அந்த 4.68ஐ உள்ளீட்டு வரியாக, அதாவது நீங்கள் கட்ட வேண்டிய ஜிஎஸ்டியில் கழித்து எடுத்துக்கொள்ளலாம். யூபிஐக்கு 2020 ஜனவரியிலிருந்து எம்டிஆர் (கடைக்காரரிடம் பிடிக்கும் பரிவர்த்தனைக் கட்டணம்) கிடையாது. ஆனால் கேட்வே தன் சேவைக்கு என்று வேறு பெயரில் வாங்குவது உண்டு. யூபிஐக்குத் தனியாக என்ன விகிதம் என்று சேரும் முன்பே கேட்டு மெயிலில் எழுதி வாங்குங்கள், பேசினால் குறைப்பார்கள். பணத்தைத் திருப்பிக் கொடுத்தாலும் பிடித்த கட்டணம் பெரும்பாலும் திரும்பாது. பணம் வங்கிக்கு வர இரண்டு வேலை நாள் ஆகும், வெள்ளிக்கிழமை விற்றால் செவ்வாய் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இனி தம்பிக்குச் சொல்ல வேண்டியது. இதை அவனையே படிக்கச் சொல்லுங்கள்.

வாடிக்கையாளர் வெப்சைட்டில் யூபிஐ அழுத்துவார், போன் ஜிபேக்குத் தாவும், பின் போடுவார், பணம் போகும். போன பிறகு அவர் திரும்ப வெப்சைட் பக்கத்துக்கு வருவார் என்றுதான் நாம் நினைக்கிறோம். பாதிப் பேர் வர மாட்டார்கள். ஜிபேயில் பச்சை டிக் பார்த்ததும் போனைக் கீழே வைத்துவிடுவார்கள். அப்போது உங்கள் வெப்சைட்டுக்குப் பணம் வந்தது தெரியாது, ஆர்டர் ‘பேமென்ட் பெண்டிங்’ என்றே நிற்கும். வூகாமர்ஸில் சரக்கைப் பிடித்துவைக்கும் நேரம் என்று ஒன்று இருக்கிறது. மாற்றாவிட்டால் 60 நிமிடம். அதற்குள் பணம் வந்த தகவல் வராவிட்டால் ஆர்டரை அதுவே ரத்து செய்துவிடும். பணம் கேட்வேயில் இருக்கும், ஆர்டர் செத்திருக்கும்.

இதற்குத்தான் வெப்ஹூக். வாடிக்கையாளர் திரும்பி வந்தாலும் வராவிட்டாலும் கேட்வேயின் சர்வர் நேராக உங்கள் சர்வரைக் கூப்பிட்டு, இந்த ஆர்டருக்குப் பணம் வந்தது என்று சொல்லும். கேட்வே டேஷ்போர்டில் (உங்கள் கணக்கு விவரம் எல்லாம் இருக்கும் பக்கம்) வெப்ஹூக் முகவரியைக் கொடுத்து, ஒரு ரகசியச் சொல்லும் வைக்க வேண்டும். அந்தச் சொல்லை வைத்துத்தான் கூப்பிட்டது நிஜ கேட்வேயா, எவனாவது போலியா என்று பிளகின் (வெப்சைட்டோடு சேர்க்கும் துணை மென்பொருள்) சரிபார்க்கும். செக்யூரிட்டி பிளகின் ஏதாவது இருந்தால் அது இந்த அழைப்பைத் தடுக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். தடுத்தால் யாருக்கும் தெரியாது, சத்தமே வராது.

தம்பி பிளகின் இல்லாமல் தானே கோடு எழுதுகிறேன் என்று கிளம்பினால்: ரேசர்பேயில் தொகையைப் பைசாவில் கொடுக்க வேண்டும். 1,300 ரூபாய் என்றால் 130000. முதல் நாள் நான் 1300 என்று கொடுத்து, ஒருவருக்கு 13 ரூபாய்க்கு மிக்ஸி விற்றேன்.

கேட்வே கொடுக்கும் சாவிகளில் (கடவுச்சொல் மாதிரி) சோதனைச் சாவி வேறு, நிஜச் சாவி வேறு. இரண்டிலும் ரகசியச் சாவியை வாட்ஸ்அப்பில் அனுப்பாதீர்கள், குடும்பக் குழுவில் நிச்சயம் வேண்டாம். கார்டு நம்பரை உங்கள் சர்வரில் வாங்கி வைக்கிற வேலையே வேண்டாம். 2022 அக்டோபரிலிருந்து கடைக்காரர்கள் கார்டு விவரம் சேமிக்கவும் கூடாது. பணம் கட்டும்போது கேட்வேயின் பெட்டியே திறக்கட்டும், அதிலேயே எல்லாம் நடக்கட்டும்.

பணம் கழிந்துவிட்டது, உங்களுக்கு வரவில்லை என்று யாராவது சண்டைக்கு வந்தால் பயப்பட வேண்டாம். கடைக்குச் சேராத யூபிஐ பணம் ஐந்து நாளைக்குள் தானாகத் திரும்ப வேண்டும், தாண்டினால் நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு என்று 2019இல் ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கிறது. யூடிஆர் எண்ணை (ஒவ்வொரு பணப் பரிமாற்றத்துக்கும் உள்ள அடையாள எண்) கேட்டு வாங்குங்கள். ஸ்கிரீன்ஷாட் வேண்டாம், எண் போதும்.

வெப்சைட் தயாராகும் வரை கேட்வேயின் பேமென்ட் லிங்க் போதும். ஆளுக்கு ஒரு லிங்க், தொகையும் பெயரும் அதிலேயே இருக்கும். யார் கட்டினார்கள் என்ற குழப்பம் அன்றோடு தீரும்.

பனங்காட்டு மருமகள்

ஆறு வாரம் ஆகிவிட்டது. கேட்டுவிட்டுக் காணாமல் போகிறவள் இல்லை, நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

எல்லாவற்றையும் என் பெயரில் எடுத்தேன். உத்யம் அரை மணி நேரம். தேடியதும் முதலில் வந்த தளம் 2,000 ரூபாய்க்கு மேல் கேட்டது, சென்னிமலை அண்ணாச்சி சொன்னது ஞாபகம் வந்து மூடிவிட்டேன். கரண்ட் அக்கவுன்ட்தான் இழுத்தது. உத்யம், ஜிஎஸ்டி இரண்டு சான்றிதழும் கொடுத்தேன், பிறகு கடையைப் பார்க்க வேண்டும் என்று வங்கியிலிருந்து ஒருவர் வந்தார். கடை ஏது? விறகுக் கொட்டகைக்குப் பக்கத்து அறையில் கொட்டான் அடுக்கியிருக்கிறோம். “போர்டு இல்லையே” என்று போட்டோ எடுக்காமல் போய்விட்டார். 600 ரூபாய்க்கு ஒரு பிளெக்ஸ் அடித்து விறகுக் கொட்டகை மேல் கட்டினோம். இப்போது தெருவில் போகிறவர்கள் எல்லாம் உள்ளே வந்து அரைக் கிலோ கேட்கிறார்கள்.

மாமா ஆட்சேபணை இல்லை என்ற கடிதத்தில் கையெழுத்துப் போட நான்கு நாள் எடுத்தார். அத்தை அந்த நான்கு நாளும் கருப்பட்டிக் காப்பி கொடுக்கவில்லை, சீனிக் காப்பிதான்.

திருப்பி வாங்கும் பக்கத்தில் இப்படி எழுதினேன்: உடைந்தால் உடைந்ததுதான், கருப்பட்டி உடைத்துத்தான் தின்ன வேண்டும். இளகி வந்தாலோ எடை குறைந்தாலோ பார்சல் பிரிக்கும்போது எடுத்த வீடியோவோடு இரண்டு நாளுக்குள் சொல்லுங்கள், பணம் திரும்பும். கேட்வேக்காரர்கள் அதை அப்படியே ஏற்றுக்கொண்டார்கள். விண்ணப்பம் நான்கு நாளில் முடிந்தது.

முதல் பதினோரு ஆர்டரில் மூன்று பெண்டிங்கில் நின்றன. நிரலன் தம்பி எழுதியதை மருமகப்பிள்ளை படித்தேன் என்றான், படிக்கவில்லை. வெப்ஹூக்கில் சோதனைக்கு வைத்த ரகசியச் சொல்லே நிஜத்திலும் இருந்திருக்கிறது. ஒரு ஆர்டர் சரியாக 60 நிமிடத்தில் ரத்து. அந்த அம்மா போன் செய்தபோது நான் டேஷ்போர்டைத் திறந்து, பெயரோடு, நேரத்தோடு பணம் இருப்பதைப் பார்த்து, “வந்திருக்கிறதும்மா, நாளைக்கு அனுப்புகிறேன்” என்றேன். நோட்டைப் புரட்டவில்லை. எனக்கு அதுவே பெரிய விஷயமாக இருந்தது.

யூபிஐ விகிதத்தை மெயிலில் கேட்டேன், கொஞ்சம் குறைத்தார்கள். எவ்வளவு என்று பொதுவில் சொல்லக் கூடாது என்று போட்டிருக்கிறார்கள்.

மாமாவிடம் முதல் கணக்கைக் காட்டினேன். 1,300க்கு 1,269 ரூபாய் 32 காசு. கார்டில் வந்தது. “முப்பது ரூவாய எவன் எடுத்தான்?” என்றார். பணத்தை வாங்கி, யாருடையது என்று எழுதி, நம்மிடம் கொண்டுவந்து சேர்க்கிறவன் எடுத்தான் என்றேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, “தரகா?” என்றார். ஆமாம் மாமா, தரகுதான். “அப்பச் சரி. தரகு இல்லாம எந்தச் சந்தையில யாவாரம் நடந்திருக்கு” என்று எழுந்து போய்விட்டார். ஆறு வாரமாக நான் விளக்கியது ஒரு பழைய வார்த்தையில் முடிந்துவிட்டது. இப்போது சனி, ஞாயிறு மட்டும் “தரகன் இன்னும் காசு தரலியா?” என்று கேட்கிறார்.

டெலிவரியில் பணம் என்பதை எடுத்துவிட்டேன். ஆர்டர் குறையும் என்று பயந்தேன், கொஞ்சம் குறையவும் செய்தது. திரும்பி வருவது நின்றுவிட்டது. பழைய வாட்ஸ்அப் வாடிக்கையாளர்கள் வெப்சைட் பக்கமே வர மாட்டேன் என்கிறார்கள், அவர்களுக்கு லிங்க்தான்.

சென்னிமலை அண்ணாச்சி, பேரேடு அண்ணாச்சி, நிரலன் தம்பி மூன்று பேரும் முகவரியைத் தனிச்செய்தியில் அனுப்புங்கள், ஆளுக்கு ஒரு கொட்டான் வரும். வேண்டாம் என்று சொல்லக் கூடாது. சில்லுக் கருப்பட்டி வேண்டுமென்றாலும் சொல்லுங்கள். பூட்டு அண்ணாச்சிக்கும் உண்டு, அவர் மட்டும் கியூஆரில் பணம் அனுப்பலாம்.